முன்பக்கம் டொக் டொக், உள்ளே கிரீச், பைபாஸில் ஊ: சஸ்பென்ஷனை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் உதவும். 8 வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக், 70,000 கி.மீ., செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தெருவில் மெதுவாகப் போனால் முன்னால் இடது பக்கம் ‘டொக் டொக்’. காலையில் இல்லாமல் வெயில் ஏறியபின் மட்டும் டேஷ்போர்டுக்குள் ஒரு ‘கிரீச்’. பைபாஸில் 60-ஐத் தாண்டினால் ‘ஊ’ என்று ஒரு முழக்கம். ஒர்க்‌ஷாப்பில் முன்பக்க சஸ்பென்ஷன் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, சத்தத்தோடு ஓட்டலாமா?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று சத்தங்கள். மூன்றுக்கும் மூன்று காரணங்கள் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒன்று உடனே கவனிக்க வேண்டியதாக இருக்கலாம், ஒன்று சில ஆயிரத்தில் முடியும், இன்னொன்றுக்குப் பைசா செலவே இருக்காது. எது எது என்று தெரியாமல் பணத்தைக் கட்டினால் புதுப் பாகங்களோடு பழைய சத்தமும் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. என் முதல் காரில் இதே டொக் டொக். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு “ஷாக் அப்சார்பர் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்” என்றார்கள். மாற்றினோம். வாசலைத் தாண்டி முதல் முனையில் திரும்பும்போதே அதே டொக். கழற்றிய பழைய ஷாக் அப்சார்பர்கள் டிக்கியில்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை, அமுக்கினால் இரண்டும் ஒரே அழுத்தத்தோடு நிதானமாக இறங்கி ஏறின. நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்திருக்கிறோம். அன்றிலிருந்துதான் சத்தத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, காரில் உட்கார்ந்துகொண்டு ‘எங்கிருந்து வருகிறது’ என்று காதால் சொல்வது மிகக் கஷ்டம். சத்தம் காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். இரும்பில் சுமார் 5 கிலோமீட்டர். இடது சக்கரத்தில் தட்டுகிற ஒரு சின்ன ஆட்டம் பாடி முழுக்கப் பரவி, டேஷ்போர்டின் நடுவிலோ உங்கள் காலடியிலோ மெல்லிய தகடு எங்கே இருக்கிறதோ அங்கே வந்து ஒலிக்கும். அதனால் ‘எங்கே’ என்பதை விட்டுவிட்டு ‘எப்போது’ என்று கேளுங்கள். எந்த வேகத்தில், நேராகப் போகும்போதா திரும்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா விடும்போதா, வெயிலிலா மழையிலா, தனியாகப் போகும்போதா நாலு பேர் ஏறியபோதா. ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள். கூடவே, எதில் உணர்கிறீர்கள் என்றும் பாருங்கள். ஸ்டியரிங்கில் கைக்குத் தெரிந்தால், ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் ரேக், டை ராடு பக்கம். கால் வைக்கும் தரையில் தெரிந்தால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், அது மாட்டியிருக்கும் சட்டமான சப்ஃப்ரேம் பக்கம். காதுக்கு மட்டும் கேட்டு உடம்பில் எங்கும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காருக்குள் கிடக்கும் சாமான்களின் சத்தம்தான்.

சரி, டொக் டொக்குக்கு வருவோம்.

நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். மேலே ஒரு ரப்பர் மவுண்டும் பேரிங்கும் வழியாக அது பாடியில் மாட்டியிருக்கும். கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயிண்ட் என்கிற உருண்டை மூட்டு, மறுபக்கம் புஷ் என்கிற இரண்டு ரப்பர் வளையங்கள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பதற்கு ஒரு ஸ்டெபிலைசர் பார் குறுக்கே போகும். அந்த பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கிற பென்சில் நீளக் கம்பிதான் லிங்க் ராடு. அதன் இரு முனையிலும் கோலிக்குண்டு அளவில் ஒரு பால் ஜாயிண்ட். இந்தக் கூட்டத்திலேயே மலிவானதும் முதலில் தேய்வதும் பெரும்பாலும் அதுதான்.

லிங்க் ராடுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, சும்மா சுழன்று கொடுக்கும். அதனால் லிங்க் ராடுக்கு வேலையே இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் பார் முறுக்கி லிங்க் ராடை இழுக்கும், தள்ளும். ஆகவே, முழு வேகத்தடையில் நேராக, மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். சத்தம் இல்லை. அப்புறம் பேவர் பிளாக் போட்ட தெருவிலோ, ஒட்டுப் போட்ட தார் ரோட்டிலோ 15, 20 கி.மீ. வேகத்தில் போங்கள். டொக் டொக் டொக். இந்த இரண்டும் பொருந்தினால் என் முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான்.

வேகத்தடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கிற மாதிரி மெதுவாக வளைந்த மேடு. நம் தெருக்களில் இருப்பதோ ஒரு முழ அகலத்தில் குவித்து வைத்த சிமெண்ட் கரை. அதைத் தவிர்க்க நாம் என்ன செய்கிறோம்? ஓரத்தில் சாக்கடைக்குப் பக்கத்தில் விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு பக்கச் சக்கரத்தை நுழைத்து, மறு பக்கத்தை மட்டும் மேட்டில் ஏற்றுகிறோம். பாதி அடி மிச்சம் என்று தோன்றும். உண்மையில் ஸ்டெபிலைசர் பாரும் லிங்க் ராடும் முழுதாக முறுக்குப்படுவது அப்போதுதான். இனிமேல் நேராக ஏறி இறங்குங்கள். அந்த ஓர இடைவெளியைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

என் காரில் கடைசியில் எப்படிப் பிடித்தேன் என்று சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து வைத்தேன். சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைகிற அளவுக்கு இடம் கிடைத்தது. லிங்க் ராடின் மேல் மூட்டை இரண்டு விரலால் மோதிரம் போலப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி கூரையில் கைவைத்து வண்டியை இடமும் வலமுமாக ஆட்டினான். மேல் மூட்டில் ஒன்றுமில்லை. கீழ் மூட்டுக்கு விரலை மாற்றினேன். அவன் ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரல் நுனியில் ‘டிக்... டிக்...’ என்று ஒரு துள்ளல், நாடி பார்ப்பது போல. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண்ணும் துருவும். ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை அந்த ஜோடிக்கு. மாற்றிய அன்று அதே பேவர் பிளாக் தெருவில் நாலு முறை போய் வந்தேன், ஜன்னலை இறக்கிவிட்டு.

கையால் உறுதியாகத் தெரியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் இரண்டு பக்க லிங்க் ராடையும் கீழ் முனையில் கழற்றி, வேறெதிலும் இடிக்காமல் கம்பியால் கட்டிவிடச் சொல்லுங்கள். தெருவில் மெதுவாக ஒரு சுற்று. சத்தம் போய்விட்டால் விஷயம் முடிந்தது. வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், அதனால் வேகம் வேண்டாம். சோதனை முடிந்ததும் மாட்டிவிட வேண்டும்.

லிஃப்டில் தூக்கிப் பார்த்துவிட்டு “எல்லாம் டைட்டா இருக்கு சார்” என்று சொன்னால் அங்கேயே நம்பிவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. சக்கரங்கள் தொங்கும்போது இந்த மூட்டுகளின் மேல் வரும் சுமையே வேறு, தேய்ந்த மூட்டும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நல்லது போல நிற்கும். வண்டி தன் எடையில் நிற்கும்போது, பிட்டில் (வண்டிக்கு அடியில் நின்று பார்க்கிற குழியில்) இறங்கி, ஒருவர் ஆட்ட இன்னொருவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் மட்டும் இதற்கு நேர்மாறு. அதைச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, நீளமான லீவரால் நெம்பித்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த அமைப்பில் வண்டியின் எடையை ஸ்பிரிங் வழியாக மேல் மவுண்ட் தாங்குகிறது, பால் ஜாயிண்ட் சக்கரத்தின் கீழ் முனையை இடம் மாறாமல் பிடித்திருக்கிறது.

இந்த ஒரு பாகத்தில் மட்டும் பேரமே வேண்டாம். பால் ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போங்கள். அது கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். டை ராடு எண்டும் அப்படித்தான், கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது. சத்தத்தோடு வாழ்வது பற்றிக் கேட்டீர்கள். இந்த இரண்டோடும் வாழக் கூடாது.

மற்ற சந்தேகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் பேரிங். பானெட்டைத் திறந்து மவுண்ட் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொன்னால் கைக்கே தெரியும். ரிவர்ஸில் மெதுவாக வந்து பிரேக் அடித்து, முன்னால் எடுத்து மறுபடி பிரேக் அடித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கனத்த ‘டொப்’ என்றால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ். இன்ஜின் மவுண்டும் இதே மாதிரி அடிக்கும், ஆனால் அது கிளட்ச் விடும்போதும் கியர் மாற்றும்போதும் கூடவே தெரியும். குண்டும் குழியுமான ரோட்டில் கடகடவென்று வருகிற சத்தம் பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டால் அது சஸ்பென்ஷனே இல்லை, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிபர் நகர்கிற சின்னக் கம்பி (பின், pin) காய்ந்து பேட் ஆடுகிறது. கழற்றித் துடைத்து அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் வைத்தால் போதும். ஷாக் அப்சார்பர் உண்மையாகவே போயிருந்தால் சத்தத்தைவிட நடத்தையில்தான் முதலில் தெரியும். மேட்டில் இறங்கியபின் வண்டி ஒன்றுக்கு மேல் இரண்டு மூன்று முறை ஆடும், கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டி ஸ்ட்ரட் கறுத்து ஈரமாக இருக்கும். மேல் சீல் பக்கம் லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் அதைக் கசிவு என்று சொல்லி மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், அதில் ஒர்க்‌ஷாப் சொல்வது சரி.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்படி ஆனால் ஒரு விஷயத்தை நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ரப்பர் புஷ் உருள்வதில்லை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், ஈரத் துணியைப் பிழிந்த நிலையிலேயே கட்டி வைத்தது போல ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருக்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு இது தெரியும். அவசரத்தில் லிஃப்டிலேயே இறுக்கிவிடுகிறவர்கள் அதிகம். “அண்ணே, இறக்கி வெச்சு டைட் பண்ணிடலாமே” என்று தன்மையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று மனசுக்குக் கஷ்டமாக இருப்பது. வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டிக்கு அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிக்கும் வழக்கம். துரு பிடிக்காது, கிரீச் நின்றுவிடும் என்று நல்லெண்ணத்தில்தான் அடிக்கிறார்கள். கிரீச்சும் சில நாள் நிற்கும். ஆனால் புஷ்களில் இருக்கிற ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊறி உப்பி மெத்தென்று ஆகிப் பிளந்துவிடும். பணம் கட்டும்போதே “அடியில எதுவும் அடிக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். புஷ் கிரீச்சிடுகிறதா என்று பார்க்க எண்ணெயே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒரு புஷ்ஷை மட்டும் நனைத்து, வண்டியை அமுக்கிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அடுத்த புஷ். எதை நனைத்ததும் நின்றதோ அதுதான். மழை நாளில் தானாக மறைந்து, காய்ந்ததும் திரும்பி வருகிற கிரீச்சும் இதே வகைதான்.

அடுத்து அந்த ‘ஊ’. இதற்கு இரண்டு பேர்மேல் சந்தேகம், வீல் பேரிங் அல்லது டயர். இரண்டும் வேகத்தோடு ஏறும், இரண்டும் ஒரே மாதிரி முழங்கும், பேரிங் மாற்றியபின் டயர்தான் என்று தெரிந்த கதைகள் நிறைய உண்டு. பிரித்துப் பார்க்கும் வழி இது. ஒரே வேகத்தில் தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறும்போது முழக்கத்தின் சுருதி மாறினால் டயர். ரோடு எப்படி மாறினாலும் அது மாறாமல் இருந்தால் பேரிங். அப்புறம், காலியான அகலச் சாலையில் 60 வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடம் வலமாக அசைத்து வண்டியைச் சாய்த்துப் பாருங்கள். இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரங்கள் மேல் போகும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங், வலம் வளையும்போது கூடினால் இடது. வளைத்தாலும் மாற்றமே இல்லை என்றால் மறுபடி டயர் பக்கமே போங்கள்.

டயரைக் கண்ணால் பார்த்தால் போதாது. உள்ளங்கையை டயரின் மேல் முன்னிருந்து பின்னாக ஒருமுறை, பின்னிருந்து முன்னாக ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால் உங்கள் ‘ஊ’ அங்கேதான் இருக்கிறது. டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடாமலே ஓட்டிய கார்களில், குறிப்பாகப் பின் சக்கரத்தில், இப்படித் தேயும். செகண்ட் ஹேண்ட் கார் என்பதால் டயர் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (டயரின் மேல் வரிகள்) எவ்வளவு மீதி இருந்தாலும் பழைய ரப்பர் கெட்டியாகி இரையும். காற்றும் ஒரு காரணம். பங்க்கில் கேட்காமலே 36, 38 என்று அடித்துவிடுவார்கள்; டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அதிகக் காற்றில் டயரே ஒரு கல்லாகி, சின்ன மேடுகூட சஸ்பென்ஷன் கோளாறு போலக் கேட்கும். இதை முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள், மற்றச் சோதனைகள் எல்லாம் அதற்கப்புறம்.

பேரிங்தான் என்று தோன்றினால், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை இன்னொரு கையால் சுழற்றுங்கள். நல்ல பேரிங்காக இருந்தால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதாக இருந்தால் அம்மிக்கல்லில் மணல் அரைபடுவது போல ஸ்பிரிங் வழியாக ஒரு நறநறப்பு விரலுக்கு வரும். பேரிங் முழக்கம் ஒரே நாளில் ஆளைக் கவிழ்க்காது, ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிற காரியமும் இல்லை.

முழக்கம் இல்லாமல் ‘டிக் டிக்’ என்று வந்தால் எண்ணிப் பாருங்கள். சின்ன கார் டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் இரண்டு நொடிக்கு மூன்று சுற்று சுற்றும். டிக் அந்தக் கணக்குக்கு ஒத்துவந்தால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று. டயர் பள்ளத்தில் மாட்டிய ஜல்லிக்கல்லாக இருப்பதே அதிகம். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் அதைவிட வேகமாக ‘கட கட கட’ என்றால், இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலின் ஜாயிண்ட். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா, ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி கேபினுக்குள். வெயில் ஏறினால் மட்டும் வருகிறது என்று நீங்கள் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு கைவைக்க முடியாத சூட்டுக்குப் போகும். பிளாஸ்டிக் விரியும். காலையில் தொடாமல் இருந்த இரண்டு விளிம்புகள் மதியம் ஒன்றையொன்று தொட்டு உரசும். ஒட்டி, சட்டென்று விடுபட்டு, மறுபடி ஒட்டி, இப்படி நொடிக்குப் பல நூறு முறை நடந்தால் அதுதான் கிரீச். கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதும் இதே கதை.

ஆனால் டேஷ்போர்டைக் கழற்றுகிற எண்ணத்துக்கு வருவதற்கு முன்னால் காரைக் காலி செய்யுங்கள். முழுக் காலி. க்ளவ் பாக்ஸில் ஆர்.சி. புத்தகம், டோல் ரசீது, சில்லறைக் காசு, கண்ணாடிக் கூடு, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் இருக்கும் சாவி, டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட், பார்சல் ட்ரே எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். ‘சஸ்பென்ஷன் சத்தம்’ என்று என்னிடம் வந்த நண்பர்களின் கார்களில், பின்னால் கேட்ட சத்தத்துக்கு ஜாக்கியும் ஸ்டெப்னி போல்ட்டும்தான் திரும்பத் திரும்பக் காரணமாக இருந்தன. டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும் ஒரு விரலால் அமுக்கிப் பாருங்கள். டபுள் டேப் ஒரு ஓரம் விட்டுப்போய், இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இருக்கும்போது மட்டும் அந்தத் தட்டு ரீங்காரமிடுவதை ஒரு உறவினர் காரில் பார்த்தேன். ஏசி கம்ப்ரசரைச் சந்தேகப்பட்டு வண்டியைக் கொண்டு வந்திருந்தார். டேப்பை மாற்றி ஒட்டினோம், முடிந்தது.

காலி செய்தும் சத்தம் இருந்தால் பக்கத்தில் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். கண்ணாடியை ஒட்டிய விளிம்பு, ஓரத் தூணின் மூடி, ஏசி துவாரம், ஸ்டீரியோ ஃப்ரேம், க்ளவ் பாக்ஸ் மூடி, பூட்டாத சீட் பெல்ட்டின் கொக்கி, தலையணைக் கம்பி. அழுத்தியதும் நின்றால் அந்த இடம். அங்கே மெல்லிய ஃபெல்ட் டேப்போ துணி டேப்போ ஒரு துண்டு செருகினால் போதும். பேப்பரை மடித்துச் செருகுவது வேண்டாம், நாலு நாளில் அதுவே சரசரக்கும். கதவுப் பக்கமிருந்து வரும் கிரீச்சுக்குக் கதவு ரப்பரைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். டிக்கிக் கதவின் இரு ஓரத்திலும் திருகி ஏற்றி இறக்கும் ரப்பர் முட்டுகள் இருக்கும். கால் சுற்று வெளியே திருகினால் பல கார்களில் பின்பக்கக் கடகடப்பு நின்றுவிடும். ஓரத் தூண் மூடியையோ டேஷ்போர்டையோ நீங்களாக நெம்பிக் கழற்ற வேண்டாம். உள்ளே ஏர்பேக் வயரிங் இருக்கலாம், தவிர ஒருமுறை உடைந்த கிளிப் பத்துப் புதுச் சத்தம் கொண்டு வரும்.

எதோடு நிம்மதியாக வாழலாம் என்றும் சொல்ல வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு வரும் கரகரப்பு டிஸ்க்கில் பிடித்த மேல்துரு, தானே போய்விடும். வண்டியை எடுத்துக் கொஞ்சம் வேகம் பிடித்ததும் ஒரே ஒருமுறை ‘கிர்ர்’ என்பது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். தன்னைச் சோதித்துக்கொள்வது. நிறுத்தியபின் அடியில் ‘டிங்... டிங்...’ என்பது சைலன்சர் ஆறிச் சுருங்குவது. டேங்க்கில் பெட்ரோல் தளும்புவது, பெரிய மேட்டில் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ‘ஸ்ஸ்’ என்று ஓடுவது, 8 வருட பிளாஸ்டிக் குளிர்காலக் காலையில் ஒருமுறை ‘டக்’ என்பது, இவை எதுவும் நோய் இல்லை. பழைய சத்தத்தைத் தேட ஆரம்பித்தபின் காது கூர்மையாகி இவையெல்லாம் புதிதாக வந்தது போலத் தோன்றும். மின்சார கார் வாங்கியவர்களுக்கும் இதே அனுபவம்தான்: அதுவரை இன்ஜின் இரைச்சல் மூடி வைத்திருந்தவை எல்லாம் வெளியே கேட்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சத்தத்தை மறைக்கப் பாட்டு வால்யூமைக் கூட்டி ஓட்டாதீர்கள். தெரிந்த, பாதிப்பில்லாத சத்தத்தோடு வாழலாம். அது திடீரென்று குணம் மாறினால் உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் காருக்கு நான் செய்யச் சொல்லும் வரிசை இது. நாளைக் காலையில் டயர் ஆறிக் கிடக்கும்போதே காற்றைச் சரிபார்த்து, டயர்களைத் தடவிப் பார்த்து, காரைக் காலி செய்யுங்கள். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வருகிற அதே தெருவில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். அவர்கள் வாசல் முன்னால் இருக்கிற வழவழ ரோட்டில் அது வரவே வராது. பிட்டில் நிறுத்தி “எந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது, என் கையாலும் தொட்டுப் பார்க்கிறேன்” என்று கேளுங்கள். ஆட்டம் காட்டிய பாகத்தை மட்டும் மாற்றுங்கள். லிங்க் ராடாக இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள், அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) தேவையில்லை. லோயர் ஆர்மோ டை ராடு எண்டோ கழற்றினால் அன்றே வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அங்கிருந்து ஒரு டொக் டொக் கிளம்பும்.